விளங்காமையின் வெற்றி: ஒரு கருதுகோள்

ஒரே பாட்டை இரண்டு போட்டிக் குழுக்கள் பாடினால், வரி விளங்காமல் பாடிய குழுவே வெல்லும் என்பது இக்கட்டுரையின் துணிபு. ஆடி மாதம் காட்டுப்பாக்கத்தில் குழாய் ஸ்பீக்கருக்கு அடியில் நின்று கூழ் குடிப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் ஆய்வுலகம் சான்று கேட்கும். அதற்கு அமெரிக்காவின் போர்ட்லாந்து வரை போயாக வேண்டும். 1957இல் ரிச்சர்ட் பெர்ரி வெளியிட்ட ‘லூயி லூயி’ பாட்டை, 1963 ஏப்ரலில், சில நாள் இடைவெளியில், அவ்வூர் ஸ்டூடியோ ஒன்றிலேயே இரு ராக் குழுக்கள் பதிந்தன. ‘பால் ரிவியர் அண்ட் த ரெய்டர்ஸ்’ சாக்ஸபோனோடு ஒழுங்காகப் பாடியது. ‘கிங்ஸ்மென்’ குழுவின் ஜாக் ஈலிக்கோ மைக் தலைக்கு மேலே தொங்கியது, அண்ணாந்து கத்தினார். பல்லில் கம்பி வேறு. கிட்டார் தனியாவர்த்தனம் முடிந்ததும் முந்திக்கொண்டு நுழைந்து, சட்டென நிறுத்தினார். அந்தப் பிழையும் அப்படியே தட்டில் ஏறியது. பில்போர்டு பட்டியலில் இரண்டாம் இடம் பிடித்தது இந்தப் பதிவுதான்.

வரியில் ஆபாசம் இருப்பதாகப் புகார் எழ, எஃப்.பி.ஐ. துப்பறிந்தது. எந்த வேகத்தில் ஓட்டினாலும் விளங்கவில்லை என்பதே முடிவு. உள்ளே இருந்ததோ, மதுக்கடைக்காரரிடம் ஒரு கப்பலோட்டி காதலியை நினைத்துப் புலம்பும் கதை. ரெய்டர்ஸ் தட்டைக் கேட்டிருந்தால் ஒரே மாலையில் வேலை முடிந்திருக்கும்.

ரெய்டர்ஸ் தோற்றதற்கு, அவர்கள் தட்டை வெளியிட்ட கொலம்பியா கம்பெனியில் செல்வாக்குடன் இருந்த, ராக் இசையை வெறுத்த மிட்ச் மில்லரே காரணம் என்பார்கள். கிங்ஸ்மென்னை மட்டும் யார் தாங்கிப் பிடித்தார்கள்? பாஸ்டன் வானொலியில் ஆர்னி கின்ஸ்பர்க் அதை வாரத்தின் மோசமான தட்டு என்று ஒலிபரப்பிய பிறகுதான் விற்பனையே சூடுபிடித்தது. தமிழர் வரிக்காகப் பாட்டுக் கேட்பவர்கள், இவ்விதி இங்கே செல்லாது என்பது அடுத்த தடை. சிலோன் மனோகரின் ‘சுராங்கனி’யோடு சேர்ந்து பாடியவர்களில் சிங்களம் அறிந்தவர் எத்தனை பேர்? மீன் வாங்கி வந்த செய்திக்கா அத்தனை ஆட்டம்? எனவே மவுண்ட்–பூந்தமல்லி சாலையோரம் மெல்லிசைக் கச்சேரி வைக்கும் விழாக் குழுவினர் மைக்கைப் பந்தல் உச்சியில் கட்டுவது நலம். பல்லுக்குக் கம்பி போடுவது பாடகர் விருப்பம்.