அபாங், ஒரு ஆயாம் ஸ்பெஷல்!

கோலாலம்பூரில் உறவினர் கூடும் வீட்டில் அரசியல் பேசலாம். சொத்துத் தகராறு பேசலாம். யார் வீட்டுப் பிள்ளை யாரோடு சுற்றுகிறது என்பதைக்கூடக் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசலாம். "நல்ல பர்கர் எங்கே கிடைக்கும்?" என்று மட்டும் யாரும் கேட்டுவிடக் கூடாது.

எங்கள் வீட்டுத் தீபாவளி விருந்தில் சென்னையிலிருந்து வந்திருந்த ஒருவர் வெள்ளந்தியாக அதைக் கேட்டார். அதற்குப் பிறகு நெடுநேரம் அவருக்கு முறுக்குத் தட்டை நீட்டக்கூட ஆளில்லை. மச்சான் எழுந்து நின்று, "கிள்ளானை மிஞ்ச ஆளில்லை" என்றார். "கிள்ளானுக்கு பாக் குத் தே சூப் சாப்பிடப் போவான், பர்கருக்கு எவன்டா போவான்?" என்றார் செந்தூல் பெரியப்பா. ராவாங் மாமா தன் தாமான், அதாவது குடியிருப்பு, முச்சந்தியில் ஒரு கடை இருப்பதாகவும், ஈப்போவுக்குப் போகிறவர்கள் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி வந்து வாங்குவதாகவும் சொன்னார். மாமா சொன்னால் அதில் பாதியைக் கழித்துவிட்டுக் கேட்க வேண்டும். என் மனைவி பெட்டாலிங் ஜெயா பக்கம் பேசினாள். அது அவள் பிறந்த ஊர் என்பது தற்செயல் அல்ல.

இதில் வேடிக்கை என்னவென்றால், நால்வரும் சண்டை போட்டது ஒரே பர்கருக்காக. கிள்ளானிலும் செந்தூலிலும் ராவாங்கிலும் பெட்டாலிங் ஜெயாவிலும் கல்லில் வேகும் இறைச்சி ஒரே நிறுவனத்திலிருந்து வருகிறது. பெட்டியின் மேல் ஒரே பெயர்: ராம்லி.

மலேசியாவுக்கு வெளியே இருப்பவர்களுக்காகக் கொஞ்சம் சரித்திரம். இந்த நாட்டில் துரித உணவுக்கடை என்று முதலில் வந்தது ஏ அண்ட் டபிள்யூ, 1963இல். எங்கள் அப்பா தலைமுறைக்கு அங்கே போய் உறைந்த கண்ணாடிக் குவளையில் ரூட் பீர் குடிப்பது பெரிய விஷயம். மருந்து வாசனை அடிக்கிறது என்று முகம் சுளித்துக்கொண்டே குடித்தார்களாம். மெக்டொனால்ட்ஸ் 1982இல் புக்கிட் பிந்தாங்கில் திறந்தது. இவ்விரண்டுக்கும் நடுவில், 1979இல், இறைச்சி வெட்டும் வேலை பார்த்த ராம்லி மொக்னி என்பவரும் அவர் மனைவியும் சொந்தமாகப் பர்கர் இறைச்சி செய்யத் தொடங்கினார்கள். கடைகளில் கிடைத்த பர்கர் ஹலால்தானா என்ற சந்தேகம் அப்போது பலருக்கு இருந்தது. சந்தேகப்பட்டுக்கொண்டு சாப்பிடுவதைவிட நாமே செய்துவிடலாம் என்று இறங்கியவர்களின் தொழில், பிறகு நாடு முழுக்கப் பரவியது.

பரவியதென்றால் கிளைக்கடைகளாக அல்ல. கண்ணாடிக் கதவு கிடையாது, சீருடை கிடையாது, "வணக்கம், உங்களுக்கு என்ன வேண்டும்?" கிடையாது. ஒரு தள்ளுவண்டி, ஒரு இரும்புக் கல், ஓர் எரிவாயுத் தோம்பு, மேலே ஒரு குடை, பின்னால் ஓர் அபாங். அபாங் என்றால் மலாயில் அண்ணன்; எண்பது வயதுத் தாத்தாவும் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுகிறார். பதிலுக்கு அவர் எங்களை 'அண்ணே' என்கிறார். இரண்டு அண்ணன்களுக்கு நடுவில் தம்பி இல்லாத உறவு இது.

இறைச்சி ஒன்று, பன் ஒன்று, சில்லி சாஸும் ஏறக்குறைய ஒன்று என்றால் ருசி மட்டும் எப்படி வண்டிக்கு வண்டி மாறுகிறது? எல்லாம் கைவேலை. கல்லில் மார்ஜரின் உருகி ஓடும்போதே பன்னின் இரு பாதிகளும் குப்புற விழும். இறைச்சி பாதி வெந்ததும் அபாங் கரண்டி விளிம்பால் அதைக் குறுக்கே பிளந்து விரித்து, உள்பக்கத்தையும் கல்லில் அழுத்துவார். இங்கேதான் ஆட்டம். சீக்கிரம் பிளந்தால் உதிர்ந்துவிடும். தாமதித்தால் நடுவே வேகாது. பிறகு மிளகுத்தூள், பிறகு அந்தக் கறுப்புச் சாஸ். போத்தலில் வூஸ்டர்ஷயர் என்று எழுதியிருக்கும். எங்கள் தாமானில் அதை முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் எவருமில்லை. அது கல்லில் பட்டு எழுப்பும் புகை மூன்று வீடு தள்ளி இருப்பவரையும் சட்டை மாட்ட வைக்கும்.

'ஸ்பெஷல்' என்று கேட்டிருந்தால் இன்னும் ஒரு கட்டம் உண்டு. முட்டையைக் கல்லில் உடைத்து, கரண்டியால் இழுத்து மெல்லிய தாளாகப் பரப்பி, நடுவில் இறைச்சியை வைத்து, மருத்துவச்சி பிள்ளையைத் துணியில் சுற்றுவது போல நாலு பக்கமும் மடித்துவிடுவார். மேலே மயோனீஸ், சில்லி சாஸ், நறுக்கிய முட்டைக்கோஸ், வெங்காயம். எண்ணெய்த்தாளில் இறுக்கிச் சுற்றிக் கையில் கொடுக்கும்போது அது ஒரு பர்கரின் வடிவத்தில் இருக்காது. அப்படி இருந்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

அபாங்கின் மனநிலையும் ஒரு முக்கியமான மசாலா. அவருடைய பந்தாட்டக் குழு தோற்ற இரவில் மிளகு கூடும். மாமியார் வந்திருந்தால் இன்னும் கூடும்.

எங்கள் சமூகத்துக்கு மட்டும் இதில் ஒரு தனி விவகாரம் உண்டு. அபாங்கிடம் மாட்டிறைச்சியும் இருக்கும், கோழியும் இருக்கும். கல் ஒன்றுதான். கோழிக்கு மலாயில் ஆயாம். நாங்கள் கேட்பது எப்போதும் ஆயாம் ஸ்பெஷல். ஆனால் அந்தக் கோழி எந்தப் பக்கம் வேகிறது, இதற்கு முன் அந்த இடத்தில் யார் வெந்தார் என்பது என் அம்மாவின் கேள்வி. அபாங் சாமர்த்தியசாலி. அம்மா நெற்றியின் விபூதியைப் பார்த்த மாத்திரத்தில் சுரண்டியை எடுத்துக் கல்லை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பரபரவென்று சுரண்டி, புதுத் துணியால் துடைத்து, "இது தனிப் பக்கம், அம்மா" என்று தமிழிலேயே சொல்வார். கரண்டியைக் கழுவினாரா என்பதை அம்மா பார்ப்பதில்லை. அந்த நேரத்தில் அவர் வானத்தைப் பார்ப்பார். மாட்டிறைச்சியே வைக்காத வண்டிகளும் ஊரில் உண்டு. பலகையில் எழுதியே வைத்திருப்பார்கள். அம்மாவை அங்கே அழைத்துப் போனேன். "கழுவின கல்லு மாதிரி சப்புனு இருக்கு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

புரட்டாசியில் எங்கள் வீட்டிலிருந்து யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. அபாங்குக்கும் நாள்காட்டி தெரியும். மாதம் முடிந்த மறுநாள் மாலை வண்டியருகே நிற்கும் தமிழ்க் கூட்டத்தைப் பார்த்து, கேட்காமலே கோழியை வரிசையாக அடுக்கிவிடுவார். அவருடைய நோன்பு மாதத்தில் நிலைமை தலைகீழ்: அவர் மாலையில் ரமலான் சந்தைக்குப் போய்விடுவார், நாங்கள் காலி முச்சந்தியைப் பார்த்துக்கொண்டு நிற்போம். ஹரி ராயாப் பெருநாளுக்கு அவர் தன் கம்பத்துக்கு, அதாவது கிராமத்துக்கு, போகும் நாட்களில் தாமானே அநாதை.

இனி உயர்ரகக் கடைகள். பத்தாண்டுகளுக்கு மேலாக இந்த ஊரில் பர்கருக்கு ஏசி வந்துவிட்டது. 2012இல் பெட்டாலிங் ஜெயாவின் சீ பார்க்கில் மைபர்கர்லேப் திறந்தபோது வரிசை கடைக்கு வெளியே ஐந்தடி நடைபாதையில் நீண்டது. அங்கே பன் கன்னங்கரேலென்று இருக்கும். ஒன்றை வாங்கிப் பெரியம்மாவிடம் கொடுத்தேன். "கருகிப் போனதை ஏன்டா காசு குடுத்து வாங்கினே?" என்றார். கருகவில்லை பெரியம்மா, மாவிலேயே கரித்தூள் கலந்திருக்கிறது என்றேன். "அந்தக் காலத்துல நாங்க கரியில பல்லு வெளக்கினோம்" என்று முழுவதையும் சாப்பிட்டு முடித்தார். எனக்கும் பிடித்திருந்தது. அதைப் புகழ்வதில் எனக்குக் கூச்சமில்லை, மனைவி ஜெயித்ததாக நினைத்துக்கொள்ளாத வரை.

பெயர் சொல்ல விரும்பாத இன்னொரு கடையில் பர்கரை மரப்பலகையில் வைத்து, நடுவில் கத்தியைக் குத்திக் கொண்டுவந்தார்கள். கொலை நடந்த இடம் போலிருந்தது. உயரம் ஒரு சாண். வாயைத் திறந்து பார்த்தேன். பல் மருத்துவரிடம்கூட அவ்வளவு திறந்ததில்லை. கடைசியில் அடுக்கைப் பிரித்து, பன்னைத் தனியாக, இறைச்சியைத் தனியாக, தக்காளியைத் தனியாகச் சாப்பிட்டேன். அப்படிச் சாப்பிட வேண்டுமென்றால் வாழையிலை போட்டிருக்கலாம். கட்டணச் சீட்டைப் பார்த்தபோது, அந்தக் காசுக்கு அபாங் எங்கள் தெருவுக்கே விருந்து வைத்திருப்பார் என்று தோன்றியது.

சிங்கப்பூர்ச் சித்தப்பாவின் பாடு இன்னும் பாவம். ராம்லி மாட்டிறைச்சியைச் சிங்கப்பூருக்குள் கொண்டுபோக நெடுங்காலம் அனுமதியே இருந்ததில்லை. சித்தப்பா சாப்பிடுவது கோழிதான். ஆனாலும் தடைசெய்யப்பட்ட பெயர் என்ற ஒரே காரணத்தால் அவருக்கு அதன் மேல் தணியாத ஆசை. ஜோகூர் பாருவுக்கு வந்து, வண்டியருகே நின்றபடி இரண்டைத் தின்றுவிட்டு, வயிற்றில் கடத்திக்கொண்டு பாலத்தைக் கடப்பார்.

சரி, கேள்விக்கு வருவோம். புதிய வண்டியை எடைபோட நான் சில அடையாளங்கள் வைத்திருக்கிறேன். கல் பளபளவென்று புதிதாக இருந்தால் நகர்ந்துவிடுங்கள். சமூக ஊடகப் படமும் பிரபலத்தின் கையெழுத்தும் குடையில் தொங்கினால் இன்னும் வேகமாக நகருங்கள். மோட்டார் சைக்கிளில் உணவு கொண்டுபோகும் பையன்கள் தங்களுக்காக வாங்கிச் சாப்பிடும் வண்டி என்றால் நின்றுவிடுங்கள். ஊரிலுள்ள எல்லாக் கடையையும் முகர்ந்தவர்கள் அவர்கள். அபாங் "பெடாஸ்?" என்று காரம் கேட்கிறாரா பாருங்கள். கேட்காமல் ஊற்றுகிறவர் கைக்கு நிதானம் கிடையாது. வாங்கியதை வீட்டுக்குக் கொண்டுபோகவே கூடாது. பத்து நிமிடத்தில் தாளுக்குள் ஆவி பிடித்துப் பன் நமுத்துவிடும். ராவாங் மாமாவின் பர்கரைப் பற்றி நான் இதுவரை கருத்துச் சொல்லாததற்குக் காரணம், அவர் அதை எப்போதும் செந்தூல் வரை காரில் கொண்டுவந்து கொடுப்பதுதான்.

என் தீர்ப்பு இது. கோலாலம்பூரில் நல்ல பர்கர் செந்தூலில் கிடைக்கிறது; பெரியப்பா சொன்னது சரி. நீங்கள் செராஸிலோ பிரிக்பீல்ட்ஸிலோ தங்கியிருந்தால் இவ்வளவு தூரம் வராதீர்கள், உங்கள் முச்சந்தியிலேயே இதே இறைச்சி இருக்கிறது. ஒரு ஆயாம் ஸ்பெஷல் சொல்லுங்கள், மிளகு கூடுதலாகக் கேளுங்கள், சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைச் சட்டை வேண்டாம். பகலில் போய்த் தேடாதீர்கள். அபாங் மாலை ஆறரைக்கு மேல்தான் கல்லைப் பற்றவைப்பார்.