அடையாறில் ஒரு மலைவாசி

தென்சென்னையில் மழை பெய்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்று தண்ணீருக்கே தெரியாது. நம்பாதவர்கள் வேளச்சேரிக்காரர்களைக் கேட்டுக்கொள்ளலாம். இப்படிப்பட்ட தட்டை ஊரில்தான், செங்குத்தான மலைப்பாதையில் சைக்கிள் மிதிப்பதே பிறவிப் பயன் என்று நினைக்கும் ஒரு கூட்டம் வசிக்கிறது.

ஆளைக் கண்டுபிடிப்பது சுலபம். ஐம்பதைத் தொட்டிருப்பார், அல்லது தாண்டியிருந்தும் ஒப்புக்கொள்ளாமல் இருப்பார். பிறந்தது மயிலாப்பூர் மாட வீதி, குடியிருப்பது அடையாறு அடுக்ககம், உத்தியோகம் வங்கியிலோ மென்பொருளிலோ. மலை மாமா என்று வைத்துக்கொள்வோம். ஊரில் எல்லோரும் இடத்தைச் சதுர அடியில் அளக்க, இவர் சாய்வு சதவீதத்தில் அளப்பார். “உஸ்மான் ரோடு பாலம் சுமார்தான். கத்திப்பாராவுல ஒரு வளைவு இருக்கு, அது கொஞ்சம் பேசும்” என்பார். 1973-இல் ஜெமினி மேம்பாலத்தைக் கட்டியது நெரிசலுக்காக என்பது நம் நினைப்பு. தன் தொடைத் தசைக்காக என்பது மாமாவின் நினைப்பு. பங்குனித் திருவிழாவில் கபாலீசுவரர் தேர் மாட வீதி முனையில் திரும்பும்போது ஊரே கன்னத்தில் போட்டுக்கொள்ளும். மாமா மட்டும் முட்டுக்கட்டை போடுகிறவரின் கையையே உற்றுப் பார்ப்பார். கொண்டை ஊசி வளைவை எப்படி எடுப்பது என்பதற்கு அதைவிட நல்ல பாடம் கிடையாதாம்.

ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் கிழக்குக் கடற்கரைச் சாலை. மாமல்லபுரம் போய்த் திரும்பினால் நூறு கிலோமீட்டர், வழி முழுக்கத் தரைமட்டம். ஐப்பசி, கார்த்திகையில் திரும்பி வரும்போது வாடைக்காற்று நெற்றிப்பொட்டில் கை வைத்துத் தள்ளும். “காத்துதான் சார் மெட்ராஸோட மலை” என்று சைக்கிள்காரர்கள் ஒருவரையொருவர் தேற்றிக்கொள்வார்கள். மாமாவுக்கு அந்தச் சமாதானம் போதவில்லை. காற்றுக்கு உச்சி இல்லையே, எங்கே நின்று படம் எடுப்பது?

அப்போதுதான் அவர் கண்ணில் பட்டது, தென்சென்னையின் மிகச் செங்குத்தான சாலை. அவர் குடியிருப்பின் கீழ்த்தள வண்டி நிறுத்தத்துக்கு இறங்கும் சரிவு அது. நீளம் இருபத்தைந்து மீட்டர் இருக்கும், உயரம் மூன்று மீட்டர். பன்னிரண்டு சதவீதம்! ஐரோப்பாவில் இதற்குத் தனியாகப் பலகை வைப்பார்கள். மறுநாள் காலை நாலரை மணிக்கு, இறுக்கமான உடையும் ஹெல்மெட்டும் நெற்றி விளக்குமாக மாமா அந்தச் சரிவில் ஏறினார், இறங்கினார், மறுபடி ஏறினார். வாட்ச்மேன் வெகுநேரம் பார்த்துவிட்டு டார்ச்சோடு எழுந்து வந்தார்.

“சார், சாவி எதுனா விழுந்துடுச்சா? நானும் தேடட்டா?”

மாமா அவருக்கு எவரெஸ்டிங்கை விளக்கினார். ஒரே ஏற்றத்தில் திரும்பத் திரும்ப ஏறி, 8,848 மீட்டரைச் சேர்ப்பதற்கு அந்தப் பெயர். உலகமெங்கும் இந்தப் பைத்தியம் உண்டு. இந்தச் சரிவென்றால் 2,950 முறை ஏற வேண்டும். “லிப்ட் வேலை செய்யுது சார்” என்றார் வாட்ச்மேன், மரியாதையாக.

கதை அசோசியேஷன் கூட்டம் வரை போயிற்று. பால் வாங்கக் கிளம்பிய ஒரு மாருதி, சரிவின் நடுவில் மாமாவை நேருக்கு நேர் சந்தித்துவிட்டதுதான் காரணம். கார், ஸ்கூட்டர், தண்ணீர் மோட்டார் தவிர வேறெதுவும் கீழ்த்தளத்தில் இயங்கலாகாது என்று தீர்மானம் நிறைவேறியது. மலையேற விரும்புவோர் மலைக்குச் செல்லலாம் என்று செயலாளர் கீழே தன் கையாலேயே ஒரு வரி சேர்த்திருந்தார்.

மாமா வாசித்து வைத்திருப்பதெல்லாம் பிரான்ஸ். ஜூலை மாதம் டூர் டி பிரான்ஸ் வீரர்கள் அங்கே மலையுச்சியைத் தொடும் நேரமும் இங்கே மாமியின் சீரியல் நேரமும் ஒன்று. எனவே மாமா போனும் கையுமாக பால்கனிக்குப் போய்விடுவார். ஆல்ப் துவேஸ் மலையின் 21 வளைவுகளையும் எண்ணோடு சொல்வார். அங்கே பந்தயம் முதன்முதலாக 1952-இல் முடிந்தது, வென்றவர் இத்தாலியின் கோப்பி, ஜெயித்தவர்களின் பெயரை வளைவுகளில் பலகையாக வைத்திருக்கிறார்கள் என்று ஒப்பிப்பார். பக்கத்து வீட்டுக் குழந்தையின் பெயர் கேட்டால் யோசிப்பார்.

ஆனால் ஏறப் போனது ஏலகிரி. சென்னையிலிருந்து ஏறத்தாழ 230 கிலோமீட்டர். அந்தத் தூரத்தைச் சைக்கிள் காரின் முதுகில் உட்கார்ந்தபடி கடந்தது. மடிசஞ்சிக் குடும்பமாயிற்றே, சட்டைப்பையில் வெளிநாட்டு ஜெல்லுக்குப் பதிலாகக் கச்சேரி ரோடு டப்பா செட்டிக் கடையில் வாங்கிய தீபாவளி லேகியம். ஜோலார்பேட்டையை அடுத்த பொன்னேரியில் ஏற்றம் தொடங்குகிறது. மேலே ஊர் இருப்பது சுமார் 1,100 மீட்டர் உயரத்தில், நடுவே பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். வள்ளுவர், இளங்கோ, கம்பர், கபிலர், ஔவை என்று புலவர்கள் பெயரும், பாரி தொடங்கிக் கடையெழு வள்ளல்கள் பெயரும் அவற்றுக்கு வைத்திருக்கிறார்கள். பிரெஞ்சுக்காரன் ஜெயித்தவன் பெயரை வைக்கிறான், நாம் கொடுத்தவன் பெயரை வைத்திருக்கிறோம். இந்த வித்தியாசம் மாமாவுக்கு உறைத்தது பாரியிடம் வந்தபோதுதான்.

புலவர்கள் வரைக்கும் பேசிக்கொண்டே வந்தார். கூட யாரும் இல்லை, இருந்தாலும் பேசினார். வள்ளல்கள் வந்ததும் வாய் மூடியது. வாரநாள் காலை, வண்டிகள் இல்லாத சாலை, மரங்களுக்கு நடுவே செயின் சத்தமும் அவர் மூச்சும் மட்டும். இந்த அமைதிக்காகத்தான் ஏறுகிறேன் என்று ஊரில் எல்லோரிடமும் சொல்லியிருந்தார். அது கிடைத்தபோது ஒரு டீக்கடை ரேடியோவாவது கேட்காதா என்றிருந்தது. முல்லைக்குத் தேர் ஈந்தான் பாரி. மூன்று லட்ச ரூபாய் கார்பன் சைக்கிளை அந்த வளைவின் உண்ணிச்செடிக்கே தாரை வார்த்துவிட மாமாவும் தயாராக இருந்தார். காரி குதிரை கொடுத்தவன் என்பது நினைவுக்கு வர, அக்கம்பக்கம் பார்த்தார். அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனியை விரும்பிக் கொடுத்தான். மாமா லேகியத்தைக் கொடுத்தது, குரங்கு பிடுங்கிக்கொண்டதால். மயிலுக்குப் போர்வை தந்த பேகனிடம் வந்தபோது ஜெர்சியின் ஜிப்பை அடிவரை இறக்கிவிட்டிருந்தார். வாங்கிக்கொள்ள மயில்தான் இல்லை.

அங்கேதான் பின்னாலிருந்து ஒரு டி.வி.எஸ். எக்ஸெல் வந்தது. முன்னால் காஸ் சிலிண்டர், பின்னால் அரிசி மூட்டை, நடுவே லுங்கி கட்டிய பெரியவர். கொஞ்ச தூரம் கூடவே வந்து, “கயிறு இருக்குது சார், கட்டி இழுக்கட்டுமா?” என்றார். மாமா தலையை மட்டும் ஆட்டினார். அது வேண்டாம் என்பதா, வேண்டும் என்பதா என்று அவருக்கே தெரியாது. பெரியவர் வேண்டாம் என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கேலி இருக்கட்டும். பதினான்கு வளைவிலும் மாமா காலைத் தரையில் ஊன்றவில்லை. இவ்வளவு பேசுகிற மனிதர் யாரும் பார்க்காத இடத்தில் அதைச் செய்தார் என்பதால்தான் இன்றுவரை அவர் பேச்சை நான் பொறுத்துக்கொள்கிறேன்.

இறக்கத்தைப் பற்றி அவர் மூச்சு விடுவதில்லை. இரண்டு பிரேக்கையும் பிடித்த பிடியில், ஏறிய வேகத்திலேயே இறங்கியிருக்கிறார். சிலிண்டரையும் அரிசியையும் இறக்கிவிட்டுத் திரும்பிய அதே எக்ஸெல் மறுபடியும் முந்தியது என்று தகவல்.

அதன் பிறகு ராயர் கபே. அருண்டேல் தெருவில் இட்லிக்காகக் காத்து நிற்பவர்கள் எங்கேயும் ஓட முடியாது என்பதை மாமா அறிவார். முதல் இட்லியில் ஏழு சதவீதமாக இருந்த ஏலகிரி, கெட்டிச் சட்னி வரும்போது பத்தாகி, காபிக்குப் பதினான்கைத் தொட்டுவிடும். ஏறிய நேரத்தைவிடச் சொல்லும் நேரம் எப்போதோ கூடிவிட்டது.

இப்போது கொல்லிமலை. வல்வில் ஓரி ஆண்ட மலை, நாமக்கல் மாவட்டம், எழுபது கொண்டை ஊசி வளைவுகள். “ஆல்ப் துவேஸுக்கு வெறும் இருபத்தொண்ணு!” என்று மாமா கூடத்தில் நின்று அறிவித்தார். அதற்கு எடை குறைந்த சக்கரம் வேண்டும், விலை சற்றுக் கூடுதல். மாமி வெண்டைக்காயிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

“பாரி கொடுத்தது ஒரே ஒரு தேர். நான் மூணு வருஷ ஆர்.டி.யைக் கொடுத்திருக்கேன். அங்கதான் எழுபது வளைவு இருக்கேன்னா, என் பேருக்கு ஒண்ணு காலியா இருக்கான்னு கேட்டுண்டு வாங்கோ.”