ரெண்டு டர்போ மாத்தின மாப்பிள்ளை

வா மாப்ளே, குந்து. நீ கவரப்பேட்டை தாண்டும்போதே வர்றது தெரிஞ்சுபோச்சு. ஆடி மாசம் பெரியபாளையத்தம்மனுக்குக்கூட அவ்வளவு சாம்பிராணி போட மாட்டாங்க, உன் பிக்கப் பின்னாடி அப்படி நீலமாப் புகையுது. ரெண்டு டீ சொல்லு. எனக்குச் சர்க்கரை கம்மி.

ஒரே வருஷத்துல ரெண்டு டர்போ மாத்திட்டியாமே, சிப்காட் பூரா இதே பேச்சு. எங்க காலத்துல ரெண்டு ஜோடி உழவு மாடு வெச்சிருந்தவன் பெரிய மனுஷன். இப்ப ரெண்டு டர்போ வாங்கினவன்தான் பெரிய மனுஷன் போல. அக்கா மவனாச்சேன்னு பொண்ணைக் குடுத்தேன், வீண் போகல. மூணாவது டர்போவுக்கும் கவலைப்படாதே, அவ கழுத்துல இன்னும் ஒரு சங்கிலி பாக்கி இருக்கு.

மெக்கானிக் இன்னா சொன்னான்? டர்போ சீல் போச்சுன்னானா? மவராசன். எந்த சீல்னு கேட்டியா? நீ நெனைக்கிற மாதிரி அங்க ரப்பர் சீல் ஒண்ணும் கெடையாது. ஒரு பக்கம் சைலன்சருக்குப் போற புகை அடிச்சு ஒரு சக்கரம் சுத்துது. அதே தண்டோட இன்னொரு முனையில இருக்கிற சக்கரம் காத்தை இழுத்து எஞ்சினுக்குள்ள அமுக்குது. நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுத்துக்கு மேல போற தண்டு அது. அந்த வேகத்துக்கு ரப்பர் எங்க தாங்கும்? ரெண்டு முனையிலயும் பிஸ்டன் ரிங் மாதிரி பொடிசா ஒரு இரும்பு வளையம், அவ்வளவுதான். மீதியைக் காத்தோட அழுத்தம் பார்த்துக்குது. 1905-லயே சுவிஸ் நாட்டு எஞ்சினியர் ஆல்ஃபிரட் பியூகி இதுக்குக் காப்புரிமை வாங்கிட்டார். காட்டுப்பள்ளி துறைமுகத்துல வந்து நிக்கிற கப்பலுக்கும் இதே வித்தைதான். நூறு வருஷத்துக்கு மேல உழைக்கிற வித்தை, உன் வண்டியில மட்டும் ஆறு மாசத்துல சாவுதுன்னா, ராசி டர்போவுக்கு இல்ல மாப்ளே.

பூண்டி ஏரியைப் பார்த்திருக்க இல்ல? கண்டலேறுல தொறந்துவிட்ட கிருஷ்ணா தண்ணி ஊத்துக்கோட்டை ஜீரோ பாயின்ட் வழியா வந்து விழுது. தண்ணி வந்துக்கிட்டே இருக்கு, நீ மதகை மட்டும் அடைச்சு வெச்சிருக்க. இன்னா ஆகும்? தண்ணி கரை மேல ஏறும். உடனே நீ போயி, கரை சரியில்ல, புதுக் கரை போடுன்னு சொல்ற ஆளு. டர்போவுக்கு ஆயில் போறது பம்ப் அழுத்தத்துல. திரும்பி வர்றதுக்கு எந்தப் பம்பும் கெடையாது. அடியில இருக்கிற ரிட்டர்ன் பைப் வழியா அதுவா கீழ எறங்கி ஆயில் சம்புக்குப் போவணும். வழி அடைச்சா அது எங்க போவும்? அந்த வளையத்தைத் தாண்டித்தான் போவும். ஒரு பக்கம் போனா இன்டர்கூலர்ல குளம் கட்டும், இன்னொரு பக்கம் போனா சைலன்சர்ல சாம்பிராணி.

நேத்து ராத்திரி நீ கொறட்டை விட்டுக்கிட்டு இருக்கும்போது டார்ச் எடுத்துக்கிட்டு உன் வண்டி அடியில படுத்தேன். டர்போவுக்குக் கீழ ரிட்டர்ன் பைப் போட வேண்டிய எடத்துல எவனோ சாதாரண தண்ணி ஹோஸ் வெட்டிப் போட்டிருக்கான். சூட்டுல அது நைஞ்சு, நடுவுல மடிஞ்சு, வாழைத்தண்டு மாதிரி தொங்குது. சரின்னு அதையும் கழட்டிப் பார்த்தேன். டர்போ அடியில ரெண்டு போல்ட் போட்டுப் பிடிக்கிற தகடு இருக்கே, அங்க பேக்கிங் வெக்கிறதுக்குப் பதிலா சிவப்பு பேஸ்ட்டை இட்லிக்குச் சட்னி ஊத்துற மாதிரி தாராளமா அப்பியிருக்கான். நெருக்கினதுல அது உள்பக்கமா பிதுங்கி, ஓட்டையில பாதியை மூடிக்கிட்டு நாக்கு மாதிரி நிக்குது. விரலை விட்டா சுண்டு விரல் கூடப் போவல. ரெண்டு டர்போ மேலயும் பழி போட்ட நாக்கு அது. அப்படியே திருப்பி மாட்டி வெச்சுட்டேன். ஏன் மாமா சரி பண்ணலைன்னு மொறைக்கிற. நான் பண்ணியிருந்தா, நீ இன்னிக்கு மூணாவதை மாட்டிட்டு அதனாலதான் புகை நின்னுச்சுன்னு ஊர் பூரா சொல்லிக்கிட்டுத் திரிவே.

அது மட்டும்தானான்னா இல்ல. ஆயில் கேஜை உருவிப் பார்த்தேன். மேல் கோட்டுக்கு மேல ஒரு விரல் நிக்குது. வண்டி குடிக்குதேன்னு பாசத்துல ஊத்திட்ட. ரிட்டர்ன் பைப் வாயே ஆயில்ல முழுகிக் கெடந்தா வழியிறது எப்படி வழியும்? எஞ்சினுக்குள்ள காத்து அமுங்கினாலும் அதே கதைதான். எஞ்சினை ஓட விட்டு ஆயில் ஊத்துற மூடியைத் தொறந்து பாரு, தப்பு தப்புன்னு பேக் கம்ப்ரஷன் அடிச்சா மொதல்ல அந்தக் காத்தை வெளியேத்துற பிரீதர் குழாய் அடைச்சிருக்கான்னு பாரு. அடைப்பு எடுத்தும் அடிச்சா, பிஸ்டன் ரிங் தேஞ்சிருக்கு, டர்போவை ஏன் பிடிச்சு உலுக்குற? ஏர் ஃபில்டரையும் தொட்டுப் பார்த்தேன். ரோலிங் மில் தூசியெல்லாம் உன் வண்டிக்குள்ளதான் குடியிருக்கு. மூக்கைப் பொத்தினா வாயால மூச்சு வாங்குறோம் இல்ல, அதுவும் அப்படித்தான், காத்து கெடைக்கலைன்னா ஆயிலை உறிஞ்சும். ஃபில்டர் விலைக்கு அழுத. டர்போ விலைக்குக் கறவை மாடே வாங்கலாம், அதுக்கு மட்டும் சிரிச்சுக்கிட்டே காசு குடுத்தே.

டர்போவுக்குக் காத்து போற ஹோஸைக் கழட்டினதும் உள்ள லேசா எண்ணெய்ப் பிசுக்கு இருந்தா அதுக்கும் அலறாதே. பிரீதர் காத்து அங்கதான் வந்து சேருது, கொஞ்சம் பிசுக்கு இருக்கத்தான் செய்யும். சொட்டினாத்தான் சங்கதி. வெளியில வழிஞ்சா வேஸ்ட் துணி போட்டுச் சுத்தமா தொடச்சுட்டு, அரை மணி ஓட்டிட்டு வந்து பாரு. பாதி நேரம் மேல இருக்கிற பிரஷர் லைன் போல்ட்டுல ஒரு செப்பு வாஷர் நசுங்கியிருக்கும், பழியை டர்போ சுமக்கும். தண்டை விரலால ஆட்டிப் பார்க்கிறதும் ஒரு கலை. பக்கவாட்டுல கொஞ்சம் ஆடும், அது அதோட சுபாவம், ஓடும்போது அந்த எடத்துல ஆயில் நெறைஞ்சுக்கும். முன்னயும் பின்னயும் நகர்ந்தாலோ, சக்கரத்தோட இறக்கை கூட்டுல உரசின தடம் இருந்தாலோ, அப்ப மாத்து. நானே காசு தர்றேன். அப்படி மாத்துற அன்னிக்குப் புது டர்போ ஆயில் ஓட்டையில நல்ல ஆயில் ஊத்திக் கையால சுத்திவிட்டு அப்பால மாட்டச் சொல்லு. வறண்ட பேரிங்கோட ஸ்டார்ட் பண்ணினா பொறந்த குழந்தைக்குப் பட்டினி போட்ட மாதிரி.

இப்ப வந்து நின்னியே, நின்ன கையோட டப்புன்னு சாவியைத் திருப்பின பாரு, அதுவும் ஒரு குத்தம். ஹைவேயில லோடோட மிதிச்சு வந்த டர்போ அடுப்பு மாதிரி கொதிக்கும். எஞ்சின் நின்னா ஆயில் நின்னுடும், உள்ள நிக்கிற ஆயில் கருகிக் கரியாப் போய் வழியை அடைக்கும். ஒண்ணு ரெண்டு நிமிஷம் சும்மா ஓடட்டும். அதுக்காக எளாவூர் சாவடி வரிசையில ஏசி போட்டுக்கிட்டு மணிக்கணக்கா ஐடிலிங்ல விடாதே. காத்து அழுத்தம் கம்மியானா அப்பவும் ஆயில் கசியும்.

ஒண்ணு மட்டும் விளையாட்டில்ல, கேளு. இன்டர்கூலர்ல தேங்கின ஆயிலை வழிச்சு எடுக்காம விட்டா, ஒரு நாள் எஞ்சின் டீசலை விட்டுட்டு அந்த ஆயிலையே குடிச்சுக்கிட்டு அலறும். சாவியைத் திருப்பினாலும் நிக்காது. பிரேக்கை அழுத்தி மிதி, டாப் கியர் போட்டு கிளட்சை விடு, மூச்சு முட்டி நிக்கும். அப்பவும் நிக்கலைன்னா எறங்கி ஓடிப்போயிடு. காத்து போற வாயில கையை மட்டும் வெக்காதே.

ரிட்டர்ன் பைப் புதுசு, பேக்கிங் ஒண்ணு, ஏர் ஃபில்டர் ஒண்ணு, அளவா ஆயில். பேஸ்ட் டியூபை என்கிட்ட குடுத்துடு. மூணாவது டர்போ வேணாம், இப்ப இருக்கிறதே ஓடும், தண்டை ஆட்டிப் பார்த்துட்டேன். டீக்குக் காசு நீ குடு. ரெண்டு டர்போ வாங்கின கைக்கு ரெண்டு டீ பெரிசா?