சட்டை மேல் வழக்கு

கேள்வி: அமெரிக்காவில் ஆன்லைன் துணிக்கடைகள் மீது பார்வையற்றோர் வழக்கு மேல் வழக்காகப் போடுகிறார்களாமே! துணியைத் தொட்டுப் பார்த்துத்தானே வாங்க வேண்டும்?

பதில்: அப்படியானால் பார்வையுள்ளவர்கள் மட்டும் ஏன் படுத்துக்கொண்டே வாங்குகிறார்கள்? ஸ்கிரீன் ரீடர் என்ற மென்பொருள் திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும். படத்துக்கு விளக்கம் எழுதியிருந்தால் ‘நீலப் பருத்திச் சட்டை’ என்னும். இல்லாவிட்டால் ஏதோ கோப்பு எண்ணை மந்திரம்போல ஒப்பிக்கும். பணம் கட்டும் பொத்தானுக்குப் பெயர் இல்லையென்றால் சட்டை கூடையிலேயே கிடக்கும். இதற்காகத்தான் 2006இல் பார்வையற்றோர் தேசியக் கூட்டமைப்பு, துணியும் விற்கும் டார்கெட் மீது வழக்குப் போட்டது. 2008இல் 60 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது.

‘வக்கீல்கள் பிழைக்கும் வழி’ என்ற முணுமுணுப்பில் உண்மை உண்டு. கடையின் பெயரை மட்டும் மாற்றிய மனுக்கள் குவிகின்றன. ஆனால் கூட்டாட்சி அரசின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில், கடைகளுக்கான பிரிவின் கீழ் தனிநபர் வழக்குப் போட்டால் குறையைச் சரிசெய்யும் உத்தரவும் வக்கீல் செலவும்தான் கிடைக்கும்; நஷ்டஈடு கிடையாது. (கலிபோர்னியா மாநிலச் சட்டம் தாராளம்: குறைந்தது 4,000 டாலர்!) கோளாறின் வேர் வேறிடத்தில். அந்தக் கூட்டாட்சிச் சட்டம் வந்த 1990இல் இணையக் கடையே இல்லை. 2024இல் வந்த தொழில்நுட்ப விதியும் மாநில, உள்ளாட்சி அரசுகளின் இணையதளங்களுக்கு மட்டும்தான். அளவுகோல் தராமல் அளவு சரியில்லை என்றால், தையற்காரருக்குப் பதில் வக்கீல்தான் வருவார். குறுக்குவழியும் உதவாது: எந்தத் தளத்தையும் தானாகவே சரிசெய்துவிடும் என்று தன் மென்பொருளை விளம்பரப்படுத்திய நிறுவனம், 2025இல் 10 லட்சம் டாலர் கட்ட வேண்டியதாயிற்று.