பழகிக்கொள்ளவும் வசதி வேண்டும்

போர்ச்சுகல் கடற்கரையில் குடியேறுகிறவர்களுக்கு ஆலோசனைப் பஞ்சமே இல்லை. மதியத்தில் கடை சாத்தியிருக்கும், அரசு அலுவலகம் இழுத்தடிக்கும், பொறுத்துப் போங்கள் என்கிறார்கள். முதலீட்டுக்கு ஈடாகக் குடியிருப்பு அனுமதி தரும், 2012இல் வந்த ‘கோல்டன் விசா’வை 5 லட்சம் யூரோவுக்கு வீடு வாங்கியே பெற முடிந்தது, 2023இல்தான் அந்த வழியை மூடினார்கள். இத்தனை பணம் கொட்டித் தேடிய நிதானமும் நல்ல காற்றும் நம் ஜவ்வாது மலை ஜமுனாமரத்தூரிலும் உண்டு. இங்கே அதைப் பின்தங்கிய பகுதி என்போம்.

அந்த மலையிலிருந்தும் ஆட்கள் கேரளத்துக்கும் கர்நாடகக் காப்பித் தோட்டங்களுக்கும் பிழைக்கப் போகிறார்கள். அவர்களுக்கு யாரும் கையேடு போடவில்லை. புது மொழி, புதுச் சாப்பாடு எல்லாம் வந்திறங்கிய இரவே பழகிவிட வேண்டும், விடிந்தால் வேலை. கலாச்சார அதிர்ச்சி சேமிப்பு உள்ளவர்களுக்கு மட்டும் வரும் நோய் போலிருக்கிறது. நாடு விட்டு நாடு போனால் காகிதச் சிக்கல் எவ்வளவு தெரியுமா என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் அதற்கு எல்லை தாண்ட வேண்டியதே இல்லை. ஜவ்வாது மலையின் ‘மலையாளி’ என்னும் மலைவாழ் மக்கள் (கேரளத்தவர் அல்ல) பழங்குடிப் பட்டியலில் இருக்கிறார்கள்; ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையில் வாழும் மலையாளிகள் இல்லை. பட்டியல் பழைய மாவட்டங்களின்படி எழுதியது. ஜவ்வாது மலை இருந்த வட ஆற்காடு மாவட்டம் வரைபடத்திலிருந்து போய்விட்டது, பட்டியலில் பத்திரமாக இருக்கிறது. லிஸ்பனில் டோக்கனோடு காத்திருப்பவர் கேட்டால் கொஞ்சம் ஆறுதல் அடைவார்.