சத்தம் முன்னே, வண்டி பின்னே

யட்டியாந்தோட்டைப் பக்கத்தில் என் பழைய லான்சரைத் தெரியாதவர்கள் இல்லை. பார்த்துத் தெரிந்தவர்களைவிடக் கேட்டுத் தெரிந்தவர்கள்தான் அதிகம். ரப்பர் தோட்டத்துக் கிளாக்கருக்கு எதற்கய்யா இவ்வளவு சத்தம் என்று பால்வெட்டப் போகிற அக்காமார் கேட்பார்கள். நியாயமான கேள்விதான்.

என் போட்டியாளன் டவுனில் கடை வைத்திருக்கும் ஒரு தம்பி. அவனிடம் இருப்பது 1331 சிசி ஸ்டார்லட். என்னுடையது 1500. காகிதத்தில் நான்தான் பலசாலி. ஏத்தத்தில் காகிதம் செல்லாது.

அதனால் வண்டியைத் 'திருத்தினேன்'. சைலன்சரைக் கழற்றி அகலக் குழாய் பூட்டினேன். சின்ன எஞ்சினுக்கு அப்படிச் செய்தால் புகை வெளியேறும் வேகம் குறையும், அடி இழுவை போய்விடும் என்று கராஜ் பாஸ் முதலிலேயே சொன்னார். கேட்கவில்லை. சத்தம் முன்னே போக, வண்டி பின்னே வந்தது. பிறகு 95 ஒக்டேன் பெட்ரோல். என் எஞ்சினின் அமுக்கத்துக்கு 92 தாராளம். மீதிப் பணம் வீம்புக்கு. பாரம் குறைக்கப் பின் சீட்டையும் கழற்றினேன். மாமியார் கல்யாண வீட்டுக்கு பஸ்ஸில் போனார். அந்தக் கதை தனி.

2022 பெட்ரோல் தட்டுப்பாட்டில், கியூஆர் முறையில் காருக்கு வாரம் 20 லீட்டர் என்றார்கள். 'பெட்ரோல் மட்டும் இருந்திருந்தால்...' என்று டீக்கடையில் பெருமூச்சு விட அரசாங்கமே சாக்குக் கொடுத்தது. தட்டுப்பாடு தீர்ந்தது எனக்கு மட்டும் கஷ்டமாக இருந்தது.

ஒருநாள் விடியற்காலை, தம்பியும் நானும் கித்துல்கலவிலிருந்து கினிகத்தேனைக்கு ஏறினோம். ஹட்டன் பஸ்கள் போகும் பொதுப் பாதை. ஓடக்கூடாது என்று தெரிந்தேதான் ஓடினோம். சில வளைவுகளிலேயே அவன் பின்விளக்கு காணாமல் போனது. விரட்டிப் போகும்போது என் ரேடியேட்டர் பைப் வெடித்தது. ஆவிக்கு நடுவே நான் நிற்க, அவன் திரும்பி வந்தான். "கை வைக்காதீங்க அண்ணே, சுடும்" என்றான். பழைய டியூப்பை வெட்டிச் சுற்றிக் கட்டி, ஓடையில் தண்ணீர் பிடித்து வந்து, எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து ஊற்றினான். டீக்கடையில் நண்பர்கள் கேட்டபோது, "பைப் விட்டிருச்சு. இல்லாட்டி அண்ணன்தான்" என்றான்.

நான் மறுத்திருக்க வேண்டும். தலையாட்டினேன். அடுத்த வாரம் கதை கொஞ்சம் வளர்ந்தது: நான் முன்னே போய்க்கொண்டிருந்தபோது பைப் வெடித்ததாம். வளர்த்ததும் நான்தான்.

நுவரெலியாவில் மாகஸ்தோட்டைத் தேயிலைத் தோட்டப் பாதையில் 1934இலிருந்து மலையேற்றப் பந்தயம் நடக்கிறது. அங்கே ஒவ்வொரு வண்டியும் தனியாகத்தான் ஏறும். எதிரி கடிகாரம் மட்டும். முந்தினவன் குறுக்கே வந்தான், பஸ் மறித்தது என்றெல்லாம் அளக்க முடியாது. என் போன்றவர்களுக்கு அது கொஞ்சமும் ஒத்துவராத விளையாட்டு.

தியத்தலாவை பொக்ஸ் ஹில் பந்தயத்துக்கும் ஒருமுறை போயிருக்கிறேன். மஞ்சள் கொடி அசைந்தபோது யாரோ உற்சாகப்படுத்துகிறார்கள் என்று நினைத்துக் கைதட்டினேன். முன்னால் ஆபத்து, வேகத்தைக் குறை, முந்தாதே என்று அர்த்தமாம். பக்கத்தில் இருந்த பையன் சொல்லித் தந்தான். அதே பொக்ஸ் ஹில்லில் 2024 ஏப்ரல் 21ஆம் திகதி ஒரு கார் ஓடுபாதையை விட்டுப் பார்வையாளர்களுக்குள் புகுந்தது. 7 பேர் இறந்தார்கள், ஒரு சிறுமி உட்பட. அன்றிரவு தம்பி போன் எடுத்தான். அதிகம் பேசவில்லை. பாதையில் ஓடுவதை அத்தோடு விட்டோம். ஒழுங்கான பந்தயத்திலேயே இப்படியென்றால், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற பாதையில் எங்களுக்கு என்ன வேலை?

பழைய சைலன்சரைத் திரும்பப் பூட்டிவிட்டேன். பின் சீட்டும் வந்துவிட்டது. மாமியார் இன்னும் பஸ்ஸில்தான் போகிறார். கடைசியாக ஒன்று: கினிகத்தேனை ஏத்தத்தில் ஜெயித்தது ஸ்டார்லட். பைப் வெடித்தது நான் தோற்ற பிறகு. யட்டியாந்தோட்டையில் யாராவது வேறு மாதிரிச் சொன்னால் நம்பாதீர்கள்.