ஆப்ட்-கெட் புராணம்

1993 ஆகஸ்டில் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழக மாணவர் இயன் மர்டாக், எஸ்.எல்.எஸ். என்ற லினக்ஸின் குளறுபடிகளைப் பொறுக்க முடியாமல் தானே ஒன்றைத் தொடங்கினார். காதலி பெயரை மற்றவர்கள் கோயில் தூணில் கிறுக்குவார்கள். இவர் டெப்ராவையும் இயனையும் ஒட்டி ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கே சூட்டிவிட்டார்: டெபியன்.

பிள்ளை எழுந்து நிற்பதற்குள் ஒரு சிடி வியாபாரி அவசரக் குடுக்கையாகப் பாதி வெந்த பதிப்பை 1.0 என்று முத்திரை குத்தி விற்றுவிட்டார். டெபியன்காரர்கள் 1.0 என்று ஒன்று பிறக்கவே இல்லை என்று சாதித்து, 1996-ல் நேராக 1.1-ஐ வெளியிட்டார்கள். அன்றைய தலைவர் புரூஸ் பெரென்ஸுக்குப் பிக்ஸாரில் வேலை. அதனால் பதிப்புகளுக்கெல்லாம் 'டாய் ஸ்டோரி' பாத்திரங்களின் பெயர்.

இன்ஸ்டால் செய்வதுதான் பெரும்பாடு. டிசெலக்ட் என்ற கருவியில் ஒரு பேக்கேஜைத் தொட்டால் போதும், கூடவே வேண்டியவை, கூடவே ஆகாதவை என்று சம்பந்தி வீட்டு லிஸ்டை நீட்டும். 1999-ல் 2.1 பதிப்போடு ஆப்ட் என்ற கருவி, 'ஆப்ட்-கெட்' என்ற கட்டளையோடு வந்து இந்தப் பஞ்சாயத்தைத் தீர்த்தது. வேண்டியதைச் சொன்னால் கூட வருவதைத் தானே பார்த்துக்கொண்டது. இறக்கிய ஒவ்வொரு பேக்கேஜின் டெப் கோப்பையும் எடுத்தும் வைத்தது. வார், கேச், ஆப்ட், ஆர்க்கைவ்ஸ் என்று நாலு படி இறங்கினால் அத்தனையும் அங்கே கிடக்கும்.

காரணம் டெலிபோன் பில். 56கே மோடத்தில் நொடிக்கு 5 கிலோபைட் வந்தாலே அதிர்ஷ்டம். ஒரு சிடி அளவு, 650 எம்பி, இறங்க ஒன்றரை நாள். நடுவில் வீட்டில் யாராவது ரிசீவரைத் தூக்கினால் லைன் போச்சு. அரைகுறையாக வந்ததைப் போட்டு வைக்க 'பார்ஷியல்' என்று தனி ஃபோல்டரே உண்டு. இப்படி உயிரைக் கொடுத்து இறக்கியதை யார் அழிப்பார்?

டிஸ்க் நிரம்பியவர்கள் அழித்தார்கள். 'கிளீன்' என்றால் மொத்தமும் காலி. 'ஆட்டோகிளீன்' ரொம்ப விவரம்: சர்வரில் இன்னும் கிடைப்பதை விட்டுவிட்டு, இனி அங்கே கிடைக்காததை மட்டும் அழிக்கும். அதாவது, எப்போது வேண்டுமானாலும் மறுபடி இறக்கக்கூடியதற்குப் பாதுகாப்பு. புதுசு சொதப்பினால் திரும்பிப் போக உதவும் பழசுக்குக் குப்பைத்தொட்டி. இந்த யோசனை யாருக்கு வந்ததோ, அவர் வாழ்க!

டெபியனிலிருந்து பிறந்து 2004-ல் வந்த உபுண்டுவின் இன்ஸ்டாலருக்கு வேறு கவலை. பாதி வேலையில் மெஷின் ரீபூட் ஆகும். அந்த நேரம் பார்த்து ஆசாமி சிடியை உருவிவிட்டால்? அதற்காகச் சிடியிலிருந்த பேக்கேஜ்களை முன்கூட்டியே ஹார்ட் டிஸ்கில் நகலெடுத்து வைத்துக்கொண்டது. குடிவந்த அன்றே வீடு நிறைய மூட்டை.

வேலை முடிந்ததும் டெப் கோப்புகளைத் தானே அழிக்கும் புத்தி 'ஆப்ட்' என்ற புதிய கட்டளைக்கு 2016-ல்தான் வந்தது. பெரியவர் 'ஆப்ட்-கெட்' மசியவில்லை. இன்றும் சேர்த்துத்தான் வைக்கிறார்.

புரோகிராம்களைக் கன்டெய்னர்களில் அடைத்து ஓட்டும் டாக்கர் ஆட்கள் அவரையும் மடக்கிவிட்டார்கள். அதிகாரபூர்வ டெபியன் இமேஜில், இன்ஸ்டால் முடிந்த கையோடு கேச்சை அழிக்கச் சொல்லி ஒரு கான்ஃபிக் கோப்பு உட்கார்ந்திருக்கிறது. அப்படியும் டாக்கர்ஃபைல் எழுதுகிற பலர் 'ஆப்ட்-கெட் கிளீன்' என்ற வரியைப் பயபக்தியோடு சேர்க்கிறார்கள். அதுவும் ஒவ்வொரு முறையும் போய்ப் பார்த்து, அழிக்க ஒன்றுமில்லாமல், எரர்கூடச் சொல்லாமல் திரும்பி வருகிறது.